எண்ணுக்குப் பக்கத்தில் சாலையின் பெயரையும் எழுதுங்கள்

அயர்லாந்துக் கவுன்டி மன்றங்களின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் பராமரிப்பிலுள்ள கிராமத்துச் சாலைகளுக்கு ‘எல்’ எழுத்தோடு தொடங்கும் எண் உண்டு. பழுதுபார்க்கவும் நிதி ஒதுக்கவும் அது தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் எண் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவற்றுக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரையும் அதே பலகையில் எழுதுமாறு வேண்டியே இம்மடலை வரைகிறேன்.

ஐரிஷ் மொழியில் சாலைக்கு வழங்கும் ‘போஹர்’ என்ற சொல், பசுவைக் குறிக்கும் ‘போ’ என்பதிலிருந்து பிறந்தது. ஒரு பசு நீளவாட்டிலும் இன்னொன்று குறுக்கிலும் நிற்க இடமிருந்தால் அது சாலை என்று பழைய சொற்பொருள் நூலொன்று அளவு சொல்கிறது. சிறு சாலைக்கான ‘போரீன்’ இன்றும் மக்கள் நாவில் இருக்கிறது.

நடுவே புல் முளைத்த அப்படியொரு போரீனின் ஓரத்தில்தான் நான் குடியிருக்கிறேன். அடுத்த வீட்டு முதியவர் ஒருநாள் கல் வேலியில் ஓர் இடைவெளியைக் காட்டி, கத்தோலிக்க வழிபாட்டைச் சட்டம் ஒடுக்கிய காலத்தில் மக்கள் திருப்பலி வழிபாட்டுக்கு வயல்வெளி வழியே நடந்துசென்ற பாதை அது என்றார். இன்னும் சற்றுத் தள்ளி, 1840களின் பெரும் பஞ்சத்தில் கூலிக்குக் கல்லுடைத்தவர்கள் போட்ட சாலை, எந்த ஊரையும் சேராமல் மலைச்சரிவில் நின்றுவிடுகிறது. பசியால் விழுந்து இறந்தவர்களின் இடத்தில் ‘பசிப்புல்’ முளைக்கும், மிதித்தவரைத் தாங்க முடியாத பசி பிடிக்கும் என்ற நம்பிக்கையால், அந்த முதியவரின் தாய் அவ்வழியே போகும்போதெல்லாம் பையில் ஒரு ரொட்டித் துண்டு வைத்திருப்பாராம். சென்ற ஆண்டு அந்த முனையில் நட்ட புதுப் பலகையில் எண் மட்டுமே இருக்கிறது.

இந்தப் பெயர்களைத் திரட்டுவது புதிய வேலையன்று. 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நாட்டார் தொகுப்பில் பழைய சாலைகளும் ஒரு தலைப்பு. அது இன்று இணையத்தில் யாரும் படிக்கும்படி இருக்கிறது. 1999இல் கிளேர் கவுன்டியின் லட்டூனில், தேவதைகளுக்குரியதென நம்பப்பட்ட ஒரு முள்மரத்தைக் கதைசொல்லி எடி லெனிஹன் குரல்கொடுத்துக் காத்ததும், நெடுஞ்சாலை அதை விட்டு விலகியதும் நீங்கள் அறிந்தவையே.

ஆகவே, ஒவ்வொரு சாலையையும் அத்தொகுப்போடு ஒப்பிட்டு, ஊராரிடம் உறுதிசெய்து, பெயரை ஐரிஷிலும் ஆங்கிலத்திலும் பலகையில் சேருங்கள். எங்கள் முதியவருக்கு வயது 87. அவரிடம் கேட்க இந்தக் கோடையிலேயே யாரையாவது அனுப்புங்கள்.

பணிவுடன்,
மேற்கு அயர்லாந்தில் வாழும் ஒரு தமிழர்