முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்காக: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவராக இருந்தால், அங்கே பிறக்கும் குழந்தை இனிப் பிறப்பால் அமெரிக்கர் ஆகாது என்றது அந்த ஆணை. நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் எச்1பி விசாவில் வாழும் நம் குடும்பங்கள் பதறின. பதறியது நியாயம். அங்கே பிறந்தவர் குடிமகன் என்று 1868-இல் சொன்ன அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தத்தையும், 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் அதை உறுதிசெய்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் தமிழ் நாளேடுகள் பத்தி பத்தியாக விளக்கின. ஆனால் பிறந்த மண்ணின் உரிமையை நம் நாடு 1987-இலேயே பறித்துவிட்டது. பறிகொடுத்தவர்களில் நம் மாநில அகதி முகாம்களில் பிறந்த ஈழத்தமிழர் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு தொடக்கத்தில் எளிமையாக இருந்தது. 1950 ஜனவரி 26 முதல் இந்தியாவில் பிறந்தவர் இந்தியர். அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற ஓரிரு விலக்குகள் மட்டுமே. 1986-இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிள்ளைக்கு உரிமை என்றானது. அந்த மசோதாவின் நோக்க விளக்கத்தில் வங்கதேசத்தோடு இலங்கையின் பெயரும் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்தில் இலங்கையில் வீடும் கடையும் எரிந்து படகேறி வந்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறோம். 2003-ஆம் ஆண்டின் திருத்தம் தாழ்ப்பாளும் போட்டது. 2004 டிசம்பர் 3 முதல் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிள்ளை இந்தியர் அல்ல. கடவுச்சீட்டு இல்லாமல் வந்த பெண்ணை உள்ளூர் இளைஞர் ஒருவர் மணந்தால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையும் இதில் அகப்பட்டுக்கொள்கிறது.

செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டுக்குள் வந்த அயல்நாட்டவரைப் பொதுவாகச் சட்டம் அந்த ஒரே பட்டியலில்தான் வைக்கிறது. எரியும் வீட்டிலிருந்து ஓடியவரிடம் கடவுச்சீட்டு எங்கிருந்து வரும்? வந்தவர்கள் ஒளிந்துகொள்ளவும் இல்லை. அரசு அதிகாரிகளே அவர்களை இராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் உள்ள முகாமில் நிறுத்திப் பெயர் பதிந்து, படம் பிடித்து, அடையாள அட்டை கொடுத்து, எந்த முகாமில் தங்க வேண்டும் என்றும் தீர்மானித்தார்கள். இதெல்லாம் பெற்றோரின் கதை. பிள்ளைகள் எந்த எல்லையையும் தாண்டவில்லை. இராமநாதபுரத்திலும் திருச்சியிலும் ஈரோட்டிலும் அரசு மருத்துவமனைகளில் பிறந்தார்கள். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழில் தமிழ்நாடு அரசின் முத்திரைதான் இருக்கிறது.

மண்டபத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் மக்களை, கப்பலேற்றும் முன் நோய்ச் சோதனைக்காக அடைத்து வைத்த இடம் அது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளை 1948-இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கியது. அங்கேயே பிறந்தவர்களிடம், உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த ஒப்பந்தம் முழுமையாக நிறைவேறுவதற்குள் போர் வந்தது. தோட்டங்களில் வாழ்ந்த இந்த மலையகக் குடும்பங்கள் பலவும் மற்ற ஈழத்தமிழரோடு சேர்ந்து அகதிகளாக அதே மண்டபத்தில் வந்து இறங்கின. தாத்தா கூலியாகப் புறப்பட்ட கொட்டகையில் பேரன் அகதியாகப் பதிவானான். அவனுக்குப் பிறந்த மகளையும் நாம் அந்நியள் என்கிறோம். 1948-இல் கொழும்பு செய்தது அநீதி என்று மேடைதோறும் பேசுகிறோம். அதே சான்றைத்தானே நாமும் கேட்கிறோம்?

இராமநாதபுரம் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவன் நான். முகாமிலிருந்து வரும் பிள்ளைகளின் தமிழ் முதல் மாதம் யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ நினைவூட்டும். அரையாண்டுக்குள் வகுப்பில் யார் முகாம், யார் ஊர் என்று பிரித்தறிய முடியாது. வேறுபாடு பிளஸ் டூ முடியும்போதுதான் தலைகாட்டும். விண்ணப்பப் படிவத்தில் நாட்டினம் என்ற கட்டம் வரும். நன்றாகப் படித்த ஒரு மாணவி பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எல்லாவற்றையும் மணிமணியாக நிரப்பிவிட்டு, அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இலங்கையை அவள் பார்த்ததில்லை. இந்தியர் என்று எழுதினால் பொய் என்பார்கள். சமூக அறிவியல் பாடத்தில் குடிமக்களின் அடிப்படை உரிமைகளை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். என்ன எழுதச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முகாம்களில் பட்டம் வாங்கிய இளைஞர்கள் இன்றும் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, கடவுச்சீட்டு எடுக்க முடியாது. கணக்கெடுப்பு நாளில் எங்கிருந்தாலும் முகாமுக்கு வந்து நிற்க வேண்டும்.

மாநில அரசு தன் கையில் உள்ளதைச் செய்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தார்கள். பத்துக்குப் பத்து அறைகளில் கிடந்த குடும்பங்களுக்குப் புது வீடுகள் எழுந்தன. அகதிகள் முகாம் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. ஆனால் குடியுரிமை ஒன்றிய அரசின் அதிகாரம். முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும் வெளியே பதிவு பெற்று 34,000 பேரும் வாழ்வதாக அப்போது அரசு சொன்னது. இவர்களில் இங்கேயே பிறந்தவர்களுக்கு எந்த முதலமைச்சராலும் குடியுரிமை தர முடியாது. உங்களால் முடியும்.

நீதிமன்றம் போகக்கூடிய தூரம் போய்விட்டது. மண்டபத்தில் 1987-க்கு முன் பிறந்த ஒரு பெண் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு வழக்குத் தொடுத்தார். பழைய சட்டப்படி அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். மகிழ்ச்சிதான். ஆனால் அவருடைய தாய்க்கு 1987 ஆகஸ்டில் இன்னொரு பிள்ளை பிறந்திருந்தால் அந்தத் தீர்ப்பு உதவாது. அக்காள் இந்தியர், தம்பி அந்நியர். அந்தத் தேதியை நீதிபதி மாற்ற முடியாது.

2025 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் ஒரு விலக்கு ஆணை கொண்டுவந்தது. 2015 ஜனவரி 9 வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்க மாட்டோம் என்பது அதன் சாரம். நல்லது. ஆனால் தண்டனை இல்லை என்பதால் ஒருவர் குடிமகன் ஆகிவிடுவதில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதோருக்குக் குடியுரிமைக்கு வழி செய்த 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையையும் சேர்க்க வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். அந்தக் கோரிக்கை போதாது என்பது என் கருத்து. ஓடி வந்தவரின் மதம் பார்க்கும் சட்டம் அது. முகாமில் முஸ்லிம் குடும்பம் இருந்தால் வெளியே நிறுத்திவிடும். அதைவிட முக்கியம், இந்தப் பிள்ளைகள் எங்கிருந்தும் வரவில்லை. வந்தவர்களுக்கான வரிசையில் அவர்களை ஏன் நிறுத்த வேண்டும்?

நான் கேட்பது 3-ஆவது பிரிவில் ஒரு புதிய உட்பிரிவு. இந்திய அரசால் அகதிகளாகப் பதிவு செய்யப்பட்ட இலங்கைத் தமிழர்களுக்கு, 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்த பிள்ளைகள் பிறப்பால் இந்தியர் ஆவர். ஒரு மாநிலத்தின் வரலாற்றுக்காகத் தனி ஏற்பாடு செய்வது இந்தச் சட்டத்துக்குப் புதிதல்ல. அசாம் ஒப்பந்தத்துக்காக 1985-இல் 6ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 1971 மார்ச் 25-க்கு முன் வங்கதேசத்திலிருந்து அசாமுக்கு வந்தவர்களுக்கு அது வழி செய்தது. அந்தப் பிரிவு செல்லும் என்று 2024 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. எல்லை தாண்டி வந்தவர்களுக்கே அசாமில் வழி இருந்தபோது, இங்கேயே பிறந்தவர்களுக்கு ஏன் இல்லை?

ஊர் திரும்ப விரும்புகிறவர்கள் முகாம்களில் இருக்கிறார்கள். இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதிந்து வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களுடைய உரிமை கெடாதபடி, விரும்பாதவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ள இடம் வைக்கலாம். கதவைத் திறந்தால் கூட்டம் வந்துவிடும் என்ற அச்சத்துக்கு இங்கே இடமில்லை. இந்தப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் ஏற்கெனவே வருவாய்த் துறையிடமும், முகாம்களைக் கண்காணிக்கும் காவல்துறையின் கியூ பிரிவிடமும் இருக்கிறது.

ஆளும் கட்சி கொண்டுவராவிட்டால் நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். 2015 ஏப்ரல் 24 அன்று தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்கான தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. அதன் பிறகுதான் ஒன்றிய அரசு தன் சொந்த மசோதாவோடு வந்தது. அதேபோல இந்த மசோதாவையும் கட்சி வேறுபாடு இல்லாமல் நீங்கள் அனைவரும் சேர்ந்து எழுதுங்கள். அடுத்த கூட்டத்தொடரிலேயே ஒருவர் மக்களவையிலும் ஒருவர் மாநிலங்களவையிலும் அறிமுகம் செய்யுங்கள். அதற்கு முன் உங்கள் தொகுதியிலோ பக்கத்துத் தொகுதியிலோ உள்ள முகாமுக்கு ஒருமுறை போய், அங்கே பிறந்து பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைச் சந்தித்து, அந்தப் படிவத்தின் நாட்டினக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு நேரில் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்,
இராமநாதபுரம் மாவட்டம்