அம்மாச்சியின் முழங்கால் தழும்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வு முடிவு வரும் நாட்களில் உங்கள் பத்திரிகையில் வரும் சாதனை மாணவர் பேட்டிகளை என் மகளிடம் படிக்கக் கொடுப்பேன். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்து வைத்துவிடுவாள். அவளுக்கு உண்மையிலேயே தைரியம் கொடுத்தது என் அம்மாவின் முழங்காலில் இருக்கும் ஒரு தழும்பு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர அறிவொளி இயக்கம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுத்தர வேண்டும் என்று முனைப்பாக நின்றார், சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. அதனால் என்ன என்று, பார் வைத்த ஆம்பிளை சைக்கிளிலேயே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள். என் அம்மாவுக்கு அப்போது 28 வயது. அத்தை ஒரு வாரம் முந்தி ஓட்டப் பழகிவிட்டார், அதைப் பார்த்துதான் அம்மாவுக்கும் ஆசை வந்தது. கண்மாய்க்குக் கீழே உள்ள பொட்டலில் சாயங்காலம் அறிவொளித் தொண்டரான அக்கா ஒருவர் கேரியரைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடுவார். ஒருநாள் அவர் கையை விட்டதும் அம்மா சரளைக் கல்லில் போய் விழுந்தார். டீக்கடைப் பக்கம் இருந்து சிரிப்புச் சத்தம். அடுத்த மாதமே கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டி, முன்னால் பாரில் என் தம்பியை உட்காரவைத்து அதே டீக்கடை வழியாக அம்மா வந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

இதை அம்மா முப்பது வருடமாக வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. 'இதெல்லாம் ஒரு கதையா' என்பார்.

போன வருடம் என் மகள் பள்ளியில் பேச மேடையேறி, வாய் வராமல் அப்படியே நின்றுவிட்டு இறங்கிவிட்டாள். மறுநாளில் இருந்து பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நானும் அவள் அப்பாவும் சொன்ன புத்திமதி எதுவும் ஏறவில்லை. அம்மாதான் சேலையை முழங்கால் வரை விலக்கித் தழும்பைக் காட்டி முதல்முறையாக அந்தக் கதையைச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எந்திரிச்சதும் மொதல்ல என்ன பண்ணீங்க அம்மாச்சி?"

"ஹேண்டில் கோணிப்போச்சு ஆத்தா. அத நேராக்குனேன்."

அடுத்த வாரம் அவள் மறுபடி மேடையேறினாள். பேப்பரைப் பார்த்துத்தான் படித்தாள், குரல் நடுங்கியதாம், பரிசு எதுவும் இல்லை. ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அப்புறம் பேத்தியின் முறை வந்தது. 2023 செப்டம்பரில் இருந்து மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அம்மாவின் கணக்கில் வருகிறது. ஏடிஎம்மைத் தொடப் பயந்து, கார்டையும் ரகசிய எண்ணையும் ஒரு பையனிடம் கொடுத்துவிடுவார், அவன் ஒவ்வொரு தடவையும் ஐம்பது ரூபாய் எடுத்துக்கொள்வான். இது தெரிந்ததும் என் மகள் முதலில் அந்த எண்ணை மாற்றவைத்தாள், பிறகு மூன்று மாதம் தானே கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது மாதம் உள்ளே வராமல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். அம்மா இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, அன்றைக்கு சைக்கிளில் இருந்த அதே படபடப்பு என்றாராம்.

இந்தத் தடவை அம்மா சும்மா இருக்கவில்லை. நூறு நாள் வேலையில் மரத்தடியில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மறுமாதம் இரண்டு பெண்கள் கார்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். "ஒனக்கே வருதுன்னா எனக்கு வராதா" என்று அதில் ஒருவர் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நம்மோடு மண்வெட்டி பிடிக்கிற ஆள், நம் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை போடுகிற ஆள் செய்து காட்டினால்தான் அந்த வார்த்தை வாயில் வரும்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை இதழில் இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு ஓரத்தில் இடம் கொடுங்கள். தாத்தா பாட்டிகள் விழுந்ததையும் சேர்த்துச் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் யாருக்கு எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று எழுதட்டும். படம் எல்லாம் வேண்டாம், பத்து வரி போதும்.

முதல் பத்து வரியை எழுத என் அம்மா தயாராக இருக்கிறார். அறிவொளியில் கற்ற எழுத்து, கொஞ்சம் பெரிது பெரிதாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுக்கோட்டை மாவட்டம்