மலைக்குப் போகும் சைக்கிளுக்கு வண்டியில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மலையேற்றம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் ஷூ என்ன விலை, முதுகுப்பை என்ன விலை, கோவையிலிருந்து எப்படிப் போவது என்பதோடு முடிந்துவிட்டது. ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு மலைப் பித்துப் பிடித்து அலைகிறவர்களும் இருக்கிறோம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடவே ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

எங்கள் பக்கம் மலை என்று பேருக்குக்கூட ஒன்றும் கிடையாது. ராமேசுவரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம் என்கிற மேடுதான், மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். அதனால் ஏற்றத்துக்குக் காலைப் பழக்க எங்களுக்கு இருப்பது காற்று ஒன்றுதான். ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது, தனுஷ்கோடி தாண்டித் தீவின் கடைசியில் இருக்கிற அரிச்சல்முனை வரை சைக்கிளில் போய்ப் பாருங்கள். போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பி வரும்போதுதான் இருக்கிறது சங்கதி: இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் இல்லை, ரோட்டின் குறுக்கே மணல் ஓடிக்கொண்டே இருக்கும், எவ்வளவு சின்ன கியரில் போட்டு மிதித்தாலும் நடக்கிறவர் நம்மைத் தாண்டிப் போய்விடுவார். அங்கே பழகிய காலுக்குத் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகள் பெரிய பயம் இல்லை. மலையிலாவது வளைவு தாண்டினால் கொஞ்சம் நிழல் கிடைக்கும்.

பக்கத்து மலை என்றால் எங்களுக்குச் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை, அதுவே நூறு கிலோமீட்டருக்கு மேல். பாரி ஆண்ட பறம்பு மலை என்பார்கள். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், மேலே தர்கா. அங்கே சைக்கிளை டீக்கடையில் சாத்திவிட்டு நடைதான். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும், பாறை சுட ஆரம்பித்தால் கையை ஊன்ற முடியாது. பையில் கருப்பட்டியும் வறுத்த கடலையும் போதும், விலை உயர்ந்த எனர்ஜி பார் எல்லாம் தேவையில்லை.

சைக்கிளில் ஏறுவது வேறு கணக்கு. வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து, எதிரே வண்டி வரவில்லை என்று நன்றாகத் தெரிந்தால் கொஞ்சம் அகலமாக எடுத்துத் திருப்பலாம். குறுகலான மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. கார்க்காரர்களோ ஹாரன் அடித்தே நம்மை ஓரத்துக்குத் துரத்துகிறார்கள். அப்புறம் இறக்கம். பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிடும், பிடித்துப் பிடித்து விட வேண்டும். உப்புக்காற்றில் நிற்கிற எங்கள் ஊர் சைக்கிள்களில் பிரேக் கேபிள் வெளியே பளபளவென்று இருக்கும், உறைக்குள் துருப்பிடித்து ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டிருக்கும். கிளம்பும் முன் கேபிளை முழுவதும் உருவிப் பார்த்துவிடுவது நல்லது.

காட்டுக்குள் போவதற்கு அனுமதி வாங்க வேண்டியிருக்கிறதே என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி எத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்பதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 2024இல் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, உள்ளூர் ஆட்களையே வழிகாட்டிகளாகப் போட்டது என்னைப் பொறுத்தவரை நல்ல காரியம். கட்டணம் கூடுதல்தான், ஆனால் யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்த ஆள் கூட வருகிறாரே, அதற்குக் கொடுக்கலாம்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். மலையடிவாரம் வரை சைக்கிளைக் கொண்டு சேர்ப்பதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. முன்பெல்லாம் பஸ் கூரையில் ஏணி இருந்தது, கூடை, மூட்டையோடு சைக்கிளையும் கட்டிவிடலாம். இப்போது வருகிற பஸ்களில் அந்த வசதி இல்லை. சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, பழைய கைலியில் சுற்றிக் கட்டி ஏற்றினால் "என்ன தம்பி, கட்டில் காலா?" என்று கேட்கிறார்கள். ரயிலில் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து ரயில் கார்டு இருக்கிற இடத்துக்குப் பக்கத்துச் சரக்குப் பெட்டியில் ஏற்ற விதி இருக்கிறது, ஆனால் பார்சல் அலுவலகம் இல்லாத சின்ன ஸ்டேஷனில் யாரிடம் பதிவது? 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து தீவிலிருந்தே மறுபடி ரயில் கிளம்புகிறது. மதுரை பாசஞ்சரில் அந்தப் பெட்டியில் நான்கைந்து கொக்கி மாட்டி, சைக்கிளுக்குச் சாதாரண கவுண்டரிலேயே டிக்கெட் கொடுத்தால் போதும். மலைக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல, பரமக்குடியிலும் மானாமதுரையிலும் இறங்கி வேலைக்குப் போகிறவர்களும் அதைப் பயன்படுத்துவார்கள்.

உங்கள் செய்தியாளர் ஒருவரை ஒரு நாள் காலை வண்டிக்குச் சைக்கிளோடு அனுப்பிப் பாருங்கள். சைக்கிள் இல்லையென்றால் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம்