ஏறவிடுங்கள், ஆனால் எண்ணி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் என்று கலங்கரை விளக்கங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், படங்களும் பிரமாதம். ஆனால் மேலே போனால் என்னவெல்லாம் தெரியும் என்று பத்தி பத்தியாக எழுதியவர், மேலே எப்படிப் போவது, அதைவிட முக்கியமாகக் கீழே எப்படி வருவது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தில்லியில் இருக்கிற எங்களுக்கு அது கண்ணில் படாமல் போகாது.

காரணம் குதுப் மினார். ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகளை அங்கே கூட்டிக்கொண்டு போனால் கேட்கிற முதல் கேள்வி, "ஏன் மேல ஏற விடமாட்டேங்கிறாங்க?" என்பதுதான். 72.5 மீட்டர் உயரம், உள்ளே 379 படி. ஒரு காலத்தில் முதல் மாடம் வரைக்கும் பொதுமக்களை விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1981 டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை, அன்றைக்குக் கட்டணம் இல்லை என்பதால் கூட்டம் அதிகம், உள்ளே முந்நூறு நானூறு பேர் இருக்கும்போது படிக்கட்டு விளக்கு அணைந்துபோனது. இருட்டில் பயந்துபோய் எல்லாரும் ஒரே வாசலை நோக்கி முண்டியடித்ததில் 45 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அன்றைக்கு மூடிய கதவு இன்னும் திறக்கவில்லை. கட்டடம் இடிந்து யாரும் சாகவில்லை. குறுகலான படி, அது கொள்ளாத கூட்டம், அவ்வளவுதான்.

கலங்கரை விளக்கமும் உள்ளே அதே அமைப்புதான். விளக்கைப் பார்த்துக்கொள்கிற ஓரிரு ஆட்கள் ஏறி இறங்கத்தான் அந்தப் படியைக் கட்டினார்கள், நம்மைப் போல குடும்பம் குடும்பமாக வருவார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்? பழைய விளக்குகள் பலவற்றில் லென்ஸைச் சுழற்ற, சுவர்க் கடிகாரத்தில் இருப்பது போன்ற பொறி உண்டு. அதன் எடைக்கல் கோபுரத்தின் நடுவே மெல்ல மெல்லக் கீழே இறங்கும், காவலர் திரும்பத் திரும்பச் சாவி கொடுத்து அதை மேலே ஏற்ற வேண்டும். அப்படிப்பட்ட கோபுரங்களில் நடுப்பகுதி எடைக்கல்லுக்குப் போய்விட்டால் படி சுவரை ஒட்டித்தானே சுற்ற முடியும்? உச்சிக்குப் பக்கத்தில் அதுவும் போய் ஏணி மாதிரி செங்குத்தாகிவிடும், குனிந்து வெளியே போகிற சின்னக் கதவு. இறங்க வேறு வழி கிடையாது.

மாமல்லபுரத்தில் ஏறினால் இது புரியும். நூறு வருடத்துக்கு மேலாக எரிகிற கருங்கல் கோபுரம் அது. அதற்கு முன்னால் விளக்கு இருந்தது பக்கத்துப் பாறை உச்சியில் நிற்கிற பல்லவர் கோயிலின் மேலேயே! எனக்குத் தெரிந்து இத்தனை சின்ன இடத்தில் இத்தனை காலத்தைப் பார்க்கிற வாய்ப்பு வேறெங்கும் இல்லை. மேலே போய் நின்றால் ஒரு பக்கம் கடற்கரைக் கோயில், இன்னொரு பக்கம் ஐந்து ரதம், முன்னால் கடல், அப்புறம் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று. பாதுகாப்புக் காரணத்துக்காகப் பல வருடம் மூடியிருந்ததை 2011-இல்தான் திறந்தார்கள். சென்னை மெரினாவில் இருக்கிறது 1977-இல் வந்தது, அதுவும் ரொம்ப வருடம் மூடிக் கிடந்து 2013 நவம்பரில் மக்களுக்குத் திறந்தது. அங்கே லிப்ட் உண்டு, முட்டிவலிக்காரரான என் மாமியார்கூட ஏறிப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். லிப்ட் இல்லாத இடங்களைப் பற்றித்தான் என் கவலை.

எந்த ஊர் என்று சொல்லவில்லை, பொங்கல் விடுமுறையில் ஒரு கலங்கரை விளக்கத்தில் ஏறினோம். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் கிழித்துக்கொண்டே இருந்தார், உள்ளே எத்தனை பேர் என்று கேட்பார் இல்லை. பாதி உயரத்தில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டோம். கைக்குழந்தையோடு ஒரு பெண், பின்னாலிருந்து தள்ளுகிற பையன்கள், மேலேயிருந்து "ஏறாதீங்க, ஏறாதீங்க" என்று கத்துகிற சத்தம் சுவரில் எதிரொலித்து ஒன்றுமே புரியாமல் கீழே வந்தது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா, குதுப் மினார்ல இப்படித்தான் ஆச்சா?" என்றாள். நல்லவேளை, ஒரு பெரியவர் அதட்டல் போட்டார்: "எல்லாரும் சுவர்ப் பக்கம் ஒட்டி நில்லுங்க, இறங்குறவங்க மொதல்ல." அவர் அந்த இடத்து ஊழியர்கூட இல்லை, நம்மைப் போல டிக்கெட் வாங்கி வந்தவர்.

இதற்காக மூடிவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. மூடுவது அதிகாரிகளுக்குச் சுலபம், குதுப் மினாரில் நாற்பது வருடத்துக்கு மேலாக அதுதானே நடக்கிறது. எண்ணி விடுங்கள் என்கிறேன். மேல்மாடத்தில் எத்தனை பேர் நிற்கலாமோ அத்தனை டோக்கன், இறங்கி வந்து டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவருக்கு வழி. ஒரு குழு முழுவதும் இறங்கின பிறகு அடுத்த குழு ஏறட்டும். கரண்ட் போனாலும் எரிகிற பேட்டரி விளக்கு படிக்குப் படி வேண்டும், அதற்குப் பெரிய செலவெல்லாம் ஆகாது. முதுகுப் பை, செல்பி குச்சி எல்லாம் கீழேயே இருக்கட்டும்.

இப்போது இதைச் சொல்வதற்குக் காரணமும் உண்டு. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில், நாடு முழுவதும் 75 கலங்கரை விளக்கங்களில் சுற்றுலா வசதிகளைப் பிரதமர் தொடங்கி வைத்தார். 1927-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் வந்த புதுச் சட்டம், பழைய கலங்கரை விளக்கங்களைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துச் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தவும் இடம் கொடுக்கிறது. கூட்டம் இனிமேல் கூடத்தான் போகிறது. பூங்கா, சிற்றுண்டிக் கடை, குழந்தைகள் விளையாடுமிடம் எல்லாம் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது, ஆனால் உள்ளே இருக்கிற படி அன்றைக்கு இருந்த அதே அகலம்தான்.

இன்னொன்று, நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. இந்தியாவின் கலங்கரை விளக்கங்களையெல்லாம் நிர்வகிக்கிற இயக்குநரகத்தின் தலைமையகம் கடலோரத்தில் இல்லை, நம் நொய்டாவில்தான் இருக்கிறது. மயூர் விஹாரிலிருந்து யமுனையைக்கூடத் தாண்ட வேண்டாம். டோக்கன், பேட்டரி விளக்கு இரண்டையும் கேட்டு நான் அங்கே எழுதப்போகிறேன், ஊருக்குப் போய் இப்படிப் படியில் மாட்டிக்கொண்ட மற்றவர்களும் எழுதலாம். நீங்களும் அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது லிப்ட் உண்டா, படி எத்தனை, எந்தக் கிழமை விடுமுறை என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயூர் விஹார், தில்லி