இடுப்பு 32 என்று எழுதியிருக்கிறாயே, மக்கா!

நாகர்கோவில்
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள மக்கா,

கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷாப் பாவாடை உனக்கும் ஒன்று வேண்டும் என்று நீ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய அளவு வந்தது. இடுப்பு 32, சீட் என்கிற பின்பக்கச் சுற்றளவு 38, நீளம் 30. படித்ததும் நான் சிரித்த சிரிப்பில், அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த இவர் கரண்டியோடு ஓடிவந்துவிட்டார். அந்த 32 எனக்குத் தெரிந்த 32தான். உன் மூத்தவன் பிறப்பதற்கு முன்னால் இருந்தது. அவனுக்கே இப்போது 32 வயதாகிறது.

போனில் சொல்லியிருக்கலாம். நீ நடுவில் புகுந்து பேசிப் பேசி விஷயத்தை எங்கேயோ கொண்டுபோய்விடுவாய். அதனால்தான் கடிதம். பொறுமையாகக் கடைசிவரை படி.

முதலில் ஊர் விசேஷம். சாரல் தொடங்கிவிட்டது. துணி மூன்று நாளாகியும் காயவில்லை. வடசேரிச் சந்தையில் மட்டிப்பழம் வந்து குவிகிறது, நீ இல்லையே என்று நினைத்துக்கொண்டே ஒரு சீப்பு வாங்கினேன். நமக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்த சிஸ்டரைப் போன மாதம் மடத்தில் போய்ப் பார்த்தேன். காது சரியாகக் கேட்கவில்லை. ஆனால் என் கையில் ஊசியைப் பார்த்ததும், "இன்னமும் கத்தி பிடிக்கிற மாதிரிதான் பிடிக்கிறியா?" என்று கேட்டார். பேனா பிடிப்பதுபோல் பிடிக்கச் சொல்லி எட்டாம் வகுப்பில் என் விரலில் ஸ்கேலால் தட்டியவர் அவர்தானே. இரண்டு விதமாகவும் பிடிக்கலாம், உலகம் முழுக்க அப்படித்தான் பிடிக்கிறார்கள் என்று சத்தமாகச் சொன்னேன். கேட்காததுபோல் இருந்துகொண்டார்.

"நீ போடுவதும் நம்ம ஊர் லேஸும் ஒன்றுதானா?" என்று கேட்டிருந்தாயே. இல்லை. 1819-இல் இங்கே வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது தலையணை லேஸ். என் அம்மாச்சி திண்ணையில் உட்கார்ந்து போடுவார். உருண்டைத் தலையணையில் குண்டூசி குத்தி, டஜன் கணக்கில் மரக்கட்டைகளைக் கடகடவென்று மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. குரோஷாவுக்கு அவ்வளவு சாமான் வேண்டாம். ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல். ஒவ்வொரு கண்ணியையும் முடித்ததும் ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு மிஞ்சி நிற்கும். அதை விட்டு உருவினால் மொத்தமும் பிரிந்து வந்துவிடும். இன்னொன்று, அயர்லாந்தில் நீ இருக்கிற கார்க் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 1840-களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது, அங்கே பிளாக்ராக்கில் இருந்த உர்சுலைன் கன்னியர் மடத்தில் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வருமானத்தில் பிழைத்த வீடுகள் எத்தனையோ. இத்தனை வருஷம் அங்கே நர்ஸ் வேலை பார்த்தாய், ஒருநாளாவது எட்டிப் பார்த்திருப்பாயா?

சரி, பாவாடைக்கு வருகிறேன்.

போட்டோவில் நீ பார்த்த கத்தரிப்பூக் கலர் பாவாடை என் மூன்றாவது முயற்சி. முதல் இரண்டும் எப்படிப் போயின என்று சொன்னால்தான் நான் ஏன் உன்னை இப்படிப் பாடுபடுத்துகிறேன் என்று புரியும்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு என் உடம்பு ரெடிமேடுக்கு ஒத்துவரவில்லை. இடுப்புக்குச் சரியாக எடுத்தால் வயிறு பிடிக்கும். வயிற்றுக்கு எடுத்தால் இடுப்பில் நிற்காது. டெய்லரிடம் போனால், "அளவுப் பாவாடை கொண்டுவாங்க" என்கிறார். யோசித்துப் பார், நம் ஆயுசு முழுக்க அளவு ஜாக்கெட் கொடுத்தே தைத்தோம். பழையதில் இருந்த கோணல் புதியதிலும் அப்படியே வரும். டேப்பை நம் மேல் வைத்து அளந்தவர்கள் எத்தனை பேர்? நானும் அதே புத்தியில், ஒரு பழைய சுடிதார் பேண்ட்டை மேசையில் விரித்து அளவெடுத்தேன். செயின் என்கிற சங்கிலிக் கண்ணி போட்டு, வட்டமாகச் சேர்த்து, 16 சுற்று முடித்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் தொடைக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. செயினுக்கு எலாஸ்டிக் குணம் கிடையாது. இடுப்பு அளவுக்கு இறுக்கிப் போட்ட செயின், சீட்டைத் தாண்டி எப்படி ஏறும்? ஜிப்பும் இல்லை, நாடாவும் இல்லை. அந்த 16 சுற்றையும் பிரித்தேன். பிரிக்கும்போது அழுகை வந்தது. ஆனால் ஒரு இஞ்ச் நூலும் வீணாகவில்லை. கத்திரி போட்ட துணியாக இருந்தால் கரித்துணிக்குத்தான் போயிருக்கும்.

இரண்டாவது தடவை அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்துத் தொடங்கினேன். அந்தப் பெண் 'டபுள்' என்று சொல்லச் சொல்ல, சிஸ்டர் சொல்லித்தந்த குட்டையான டபுள் கண்ணியையே போட்டுக்கொண்டு போனேன். துண்டு கால்மிதி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அப்புறம்தான் தெரிந்தது, சிஸ்டர் நமக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இங்கிலாந்துப் பெயர்கள். நாம் 'ட்ரெபிள்' என்கிற உயரமான கண்ணியைத்தான் அமெரிக்காக்காரர்கள் 'டபுள்' என்கிறார்கள். நம்முடைய டபுள் அவர்களுக்கு 'சிங்கிள்'. நல்லவேளை, மாதிரித் துண்டோடு போயிற்று.

இந்த மாதிரித் துண்டை மட்டும் யார் வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டேன். 4 மில்லிமீட்டர் ஊசி, பருத்தி நூல், ஆறு இஞ்ச் சதுரத்துக்கு ட்ரெபிள். துவைத்துக் காயவைத்த பிறகு, ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் எண்ண வேண்டும். எனக்கு 4 இஞ்சுக்கு 16 கண்ணி, 8 வரிசை வந்தது. அதாவது இஞ்சுக்கு 4 கண்ணி, 2 வரிசை. அதோடு விடவில்லை. துண்டைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கீழ்ஓரத்தில் வீட்டுச் சாவிக்கொத்தை மாட்டி ஒரு ராத்திரி விட்டேன். இவர் காலையில் பால் வாங்கப் போகச் சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கியது தனிக்கதை. விடிந்ததும் அளந்தால் 4 இஞ்ச் நாலரை ஆகியிருக்கிறது! பருத்தி நூல் கனம். பாவாடை தன் கனத்தாலேயே கீழே இறங்கும். நீளம் கூடும்போது அகலம் கொஞ்சம் உள்ளே வாங்கும். இது தெரியாமல் 28 இஞ்சுக்குப் போட்டால் ஒரு வாரத்தில் தெருவைக் கூட்டும்.

அதனால் மூன்றாவது தடவை கணக்கு நோட்டோடு உட்கார்ந்தேன். என் இடுப்பு 33. சீட் 40, அகலம் சுருங்குவதற்காக ஒரு இஞ்ச் சேர்த்து 41. செயினில் தொடங்காமல் முதலில் இடுப்புப் பட்டியைப் போட்டேன். இரண்டு இஞ்ச் அகலத்துக்கு டபுள், ஒவ்வொரு கண்ணியிலும் பின்இழையை மட்டும் எடுத்து, 33 இஞ்ச் நீளம் வரும்வரை. பார்க்க வரிவரியாக சாக்ஸ் வாய் மாதிரி இருக்கும், இழுத்தால் 41 வரை தாராளமாக விரியும். இரண்டு முனையையும் சேர்த்து, பக்கவாட்டில் 132 கண்ணி எடுத்தேன். 33-ஐ நாலால் பெருக்கினால் 132. சீட்டுக்கு 41 நாலு 164. கூட்ட வேண்டியது 32. இடுப்பிலிருந்து சீட்டுக்கு 8 இஞ்ச் இறக்கம், அது 16 சுற்று. ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் நாலு இடத்தில், ஒரே கண்ணிக்குள் இரண்டு ட்ரெபிள் போட்டால் எட்டு தடவையில் 32 வந்துவிடும். என்ன அழகாக உட்கார்ந்தது பார்! கணக்கு டீச்சர் இருந்தால் காலில் விழுந்திருப்பேன். கூட்டும் இடத்தை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காதே. மூலை மூலையாகத் துருத்தும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டால் வட்டமாக விழும்.

சீட்டுக்குக் கீழே நாலு சுற்றுக்கு ஒருமுறை எட்டெட்டாகக் கூட்டி, 50-வது சுற்றில் 228 கண்ணியோடு முடித்தேன். அடியில் 57 இஞ்ச் வீச்சு, நடக்கத் தாராளம். 50 சுற்று என்றால் 25 இஞ்ச்தான். தொங்கித் தொங்கி 28 ஆகிவிட்டது. பட்டியோடு 30. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் திருப்பிப் போட்டதால் சேர்ப்பு நேராக இருக்கிறது. ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் அந்தக் கோடு இடுப்பில் தொடங்கி முழங்கால் பக்கம் வந்து நிற்கும். மொத்தம் ஒன்பதாயிரம் ட்ரெபிளுக்கு மேல். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு, மூன்று வாரத்தில் முடிந்தது.

போட்டோவில் அடியில் வெள்ளை ஓரம் நன்றாயிருக்கிறது என்றாயே, அது டிசைன் இல்லை, விபத்து. துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து, 4 இஞ்ச் சதுரத்துக்கு 5 கிராம் என்று கண்டுபிடித்து, 360 கிராம் போதும் என்று நாலு கண்டு நூல் வாங்கினேன். இடுப்புப் பட்டியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். 46-வது சுற்றில் நூல் தீர்ந்தது. ஓடிப்போய் அதே நம்பர் கலர் வாங்கிவந்தால், சாயம் போட்ட லாட் வேறு. ராத்திரி விளக்கில் ஒன்றுபோல் தெரிந்தது, காலை வெயிலில் பார்த்தால் அப்பட்டமாக வெளுப்பு. அப்புறம் என்ன, வேண்டுமென்றே செய்ததுபோல் கடைசி நாலு சுற்றையும் வெள்ளையில் போட்டேன். கோயிலில் பார்த்தவர்களெல்லாம் ஓரம் கொள்ளாம் என்றார்கள். நானும் தலையாட்டிக்கொண்டேன்.

இப்போது உன் விஷயம். ஜனவரியில் கல்யாணத்துக்கு வரும்போது கட்டத்தானே கேட்கிறாய்? அங்கே மழையில் நனைந்தால் பருத்தி கல்லாகக் கனக்கும், இங்கே பிரச்சினை இல்லை. டேப்பும் மூன்று முழம் நூலும் எடுத்துக்கொள். நூலை இடுப்பில் தளர்வாகக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் சாய்ந்து நிமிர். நூல் தானாக எங்கே போய் நிற்கிறதோ அதுதான் உன் இடுப்பு, நீ நினைக்கிற இடம் இல்லை. அங்கே சுற்றளவு எடு. வயிற்றின் மேடான இடத்தில் ஒன்று, சீட்டின் அகலமான இடத்தில் ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சீட்டை இன்னொரு தடவை அள. நின்றதைவிடக் கூடத்தான் இருக்கும். நாம் பாவாடை கட்டி நிற்பதைவிட உட்காருவதுதானே அதிகம்.

அப்புறம் அந்த நூலை அவிழ்க்காமல், அதிலிருந்து தரைவரை நாலு பக்கமும் இறக்கம் எடு. முன்னால், பின்னால், வலது, இடது. குனிந்து நீயே பார்க்காதே, அளவு மாறிவிடும். மருமகளைப் பிடிக்கச் சொல். நாலும் ஒன்றாக வராது, எனக்கும் வரவில்லை. முன்பக்கம் வயிறு தூக்கிவிடுகிறது, எனக்கு முன்னால்தான் ஒரு இஞ்ச் கூடுதலாக வேண்டியிருந்தது. உனக்குப் போன வருஷம் இடது பக்கம் மூட்டு மாற்றினார்களே, அதில் ஒரு காலுக்கும் இன்னொன்றுக்கும் அரை இஞ்ச் வித்தியாசம் இருக்கிறது என்று நீயே சொன்னாய். கடைப் பாவாடையில் அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இதில் பட்டிக்குக் கீழேயே, எந்தப் பக்கம் நீளம் வேண்டுமோ அந்தப் பக்கம் மட்டும் பாதி வரிசை போட்டுத் திரும்பிவிடலாம். முனையில் டபுள், அப்புறம் அரை ட்ரெபிள், நடுவில் முழு ட்ரெபிள் என்று உயரத்தை ஏற்றி இறக்கினால் படி தெரியாது. கீழே ஓரம் தரைக்குச் சமமாக நிற்கும். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

அதனால்தான் கேட்கிறேன், மூச்சை உள்ளே இழுக்காமல் அளந்து அனுப்பு. எனக்கு எந்த நம்பர் வந்தாலும் நாலால் பெருக்கத்தான் போகிறேன். உன் மகளுக்குத் தெரியாது, சம்பந்தி வீட்டுக்கும் தெரியாது. நோட்டில்கூட உன் பெயர் போடவில்லை, 'கார்க்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நீ கேட்ட மயில்கழுத்துப் பச்சை கிடைத்துவிட்டது. ஒரே லாட்டில் ஆறு கண்டுதான் இருக்கிறதாம். சனிக்கிழமை வரை எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். 32 என்றால் ஐந்து போதும். எதற்கும் ஆறையும் வாங்கிவிடவா?

உன் பழைய பெஞ்சுக்காரி

பி.கு.: உள்ளே கட்ட ஒரு உள்பாவாடை எடுத்துக்கொண்டு வா. ட்ரெபிளில் வெளிச்சம் தெரியும்.