கடைக்கோடிக் குழாயில் இலக்கை அளக்க வேண்டி: கோரிக்கை மனு

அனுப்புநர்:
குடிநீர்த் தரப் பரிசோதகர்கள், பொது சுகாதாரச் செவிலியர்கள், தடுப்பூசிக் குளிர்பதனப் பணியாளர்கள் சார்பில்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பொது சுகாதாரத் துறை

பொருள்: நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகள் 3 (நலவாழ்வு), 6 (குடிநீர், துப்புரவு), 11 (நகரங்கள்), 13 (காலநிலை) – வெள்ளக் காலத்தில் குடிநீர் மற்றும் சுகாதார நிலையங்களின் தாங்குதிறன் – கடைக்கோடிக் குழாயில் அளந்து பதிவுசெய்ய உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2015 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளுக்கும் அவற்றின் 169 குறிக்கோள்களில் பெரும்பாலானவற்றுக்கும் 2030 கெடு. ஆண்டறிக்கையில் ஒவ்வொரு இலக்கும் ஒரு துறையின் கீழ் வருகிறது. நோய் அப்படித் துறை பிரித்து வருவதில்லை. குழாயில் விட்டுவிட்டுத் தண்ணீர் வந்தால் மக்கள் பீப்பாயிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறார்கள். மூடாத அந்தத் தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்குகிறது. 6ஆம் இலக்கில் விட்ட குறை 3ஆம் இலக்கில் டெங்குவாக வந்து நிற்கிறது. வெள்ளம் வந்தால் இந்தக் கண்ணிகள் எல்லாம் ஒரே வாரத்தில் அறுகின்றன.

ஆகவே எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இலக்கை எட்டினோமா என்பதைச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் அளக்காமல் கடைக்கோடிக் குழாயில் அளக்க வேண்டும். நல்ல வாரத்தில் மட்டும் அளந்தால் போதாது, மோசமான வாரத்திலும் அளக்க வேண்டும். அந்த அளவை நோயாளிப் பதிவேட்டோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

6ஆம் இலக்கில் குடிநீர் முன்னேற்றத்தை அளக்கும் குறியீடு 6.1.1 எதைக் கேட்கிறது என்பதைக் கவனத்திற்குக் கொண்டுவருகிறோம். தண்ணீர் வீட்டு வளாகத்திலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும்போது கிடைக்க வேண்டும், மலக்கிருமியும் ஆர்சனிக், ஃபுளோரைடு போன்ற வேதிப்பொருள் மாசும் இல்லாமல் இருக்க வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தால்தான் 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர்'. இணைப்புகளின் எண்ணிக்கை இதில் முதல் பகுதியை மட்டுமே சொல்லும்.

குழாயில் அழுத்தம் இல்லாத நேரங்களில்தான் கெடுதல் நடக்கிறது. தண்ணீர் நின்றதும் குழாயின் உள்ளே வெற்றிடம் போல ஆகிறது. அந்தக் குழாய் கழிவுநீர்க் கால்வாயைக் கடக்கும் இடத்தில் ஒரு தளர்ந்த இணைப்பு இருந்தாலே போதும், வெளியே தேங்கிய நீர் உள்ளே இழுக்கப்படும். அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது அது முதல் வாளியாக ஒரு வீட்டில் விழும். மேல்நிலைத் தொட்டியில் எடுத்த மாதிரியில் இது தெரியவே தெரியாது. நீர் விட்ட முதல் பத்து நிமிடத்தில் ஒரு மாதிரி, அரைமணி கழித்து இன்னொரு மாதிரி என, ஒவ்வொரு வால்வு மண்டலத்திலும் (ஒரே வால்விலிருந்து நீர் பெறும் பகுதி) கடைசிக் குழாயில் எடுத்தால்தான் தெரியும்.

நீரில் எஞ்சியிருக்கும் குளோரினை அளக்கும் முறையையும் சீராக்க வேண்டும். ஆர்த்தோடோலிடின் சொட்டு மருந்து மஞ்சள் நிறம் காட்டும், ஆனால் பயன் தரும் தனிக் குளோரினையும் அம்மோனியாவோடு கூடிய குளோரினையும் நம்பகமாகப் பிரித்துச் சொல்லாது. கழிவுநீர் கலந்த நீரில் இந்த வேறுபாடுதான் முக்கியம். தனிக் குளோரினை மட்டும் காட்டும் டிபிடி (DPD) முதல் எண் மாத்திரையைப் பயன்படுத்தி, கரைந்த ஒரு நிமிடத்துக்குள் இளஞ்சிவப்பு நிறத்தை ஒப்பிட வேண்டும். இதிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறம் ஒரு கணம் தோன்றி வெளிறிவிடும். பரிசோதகர் அதைப் பூஜ்யம் என்று எழுதினால், ஏற்கெனவே மிகுந்த மருந்தின் மேல் இன்னும் மருந்து கொட்டப்படும். சந்தேகம் வந்தால் மாதிரியில் ஒரு பங்குடன் ஒன்பது பங்கு வாலைவடிநீர் சேர்த்து மறுபடி பார்த்து, கிடைத்த எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும்.

எந்த எண் வர வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. தொட்டியில் குறைந்தது 30 நிமிடம் கலந்து நின்றபின், அமிலகாரத்தன்மை (pH) 8க்குக் கீழே இருக்கையில், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தனிக் குளோரின். கடைசிக் குழாயில் 0.2க்குக் குறையக் கூடாது. கலங்கல் 5 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) அளவுக்குள் இருக்க வேண்டும், 1க்குள் இருந்தால் நல்லது. கலங்கிய நீரில் மண்துகளின் மறைவில் கிருமி தப்பிவிடும், குளோரினும் மண்ணிலேயே செலவாகிவிடும். வெள்ளத்துக்குப் பின் 'இரட்டிப்பு மருந்து போட்டோம்' என்று அறிக்கை வருவதும், குழாயில் ஒன்றும் இல்லாததும் இதனால்தான். முதலில் படிகாரம் போட்டுத் தெளியவிட்டு வடிகட்டி, பிறகே குளோரின் சேர்க்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் குளோரினுக்கு அடங்குவதில்லை. வடிகட்டல் செயலிழந்த நாட்களில் நீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்துக் குடிக்குமாறு அறிவிப்பும் கூடவே போக வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அளவுக் கணக்கு முழுவதும் தூளில் 25 சதவீதக் குளோரின் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 10,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமென்றால் 20 கிராம் குளோரின், அதாவது 80 கிராம் தூள். பிரித்த மூட்டை ஈரக்காற்றிலும் வெயிலிலும் கிடந்து 10 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், அதே 80 கிராம் தூள் 0.8 மில்லிகிராம்தான் தரும். பதிவேட்டில் அளவு சரியாக இருக்கும், தண்ணீரில் இருக்காது. ஆகவே கொள்முதல் ஆணையிலேயே சிறிய காற்றுப்புகாப் பொதி, தயாரிப்புத் தேதி, பிரித்த தேதி எழுத இடம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கக் கோருகிறோம். அமிலமோ எரிபொருளோ இருக்கும் அறையில் இந்தத் தூளை வைக்கக் கூடாது.

அளவை ஊகிக்காமல் கண்டுபிடிக்க எளிய சோதனை உள்ளது. 40 கிராம் தூளை முதலில் கொஞ்சம் நீரில் குழைத்து, பிறகு ஒரு லிட்டராக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட வேண்டும். மேலே தெளிந்தது 1 சதவீதக் கரைசல். (தூளை அப்படியே தொட்டியில் கொட்டும் பழக்கத்தால் சுண்ணாம்பு வால்வில் போய் அடைக்கிறது.) நான்கு 20 லிட்டர் வாளிகளில் அந்த மண்டலத்து நீரை நிரப்பி, முறையே 1, 1.5, 2, 2.5 மில்லிலிட்டர் கரைசல் விட்டுக் கலக்கி, 30 நிமிடம் மூடி வைக்க வேண்டும். 0.2 முதல் 0.5 வரை காட்டும் வாளியே அன்றைய அளவு. அது இரண்டாவது வாளி என்றால், 10,000 லிட்டருக்கு 750 மில்லிலிட்டர். எந்த வாளியிலும் நிறம் வரவில்லையென்றால் அளவுகளை இரட்டித்துத் திரும்பச் செய்ய வேண்டும். மாலைக்குள் நீர் விட்டாக வேண்டும் என்ற அவசரத்திலும் இந்த முக்கால் மணி நேரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

வெள்ளநீர் புகுந்த தொட்டிக்கு இது போதாது. காலிசெய்து, சேறு அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் போட்டு ஒரு நாள் நிறுத்த வேண்டும். 10,000 லிட்டருக்கு 25 சதவீதத் தூள் 2 கிலோ. அந்த நீர் குடிக்க அல்ல. குளம் ஆற்றில் திறந்துவிட்டால் மீன் சாகும். வெளியேற்றும் வழியை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும்.

சுகாதார நிலையங்களைப் பொறுத்தவரை, பேரிடர் அபாயக் குறைப்புக்காக 2015 மார்ச்சில் ஏற்கப்பட்ட செண்டாய் கட்டமைப்பு, பேரிடரில் மருத்துவ வசதிகள் சேதமடைவதைக் குறைப்பதைத் தன் ஏழு உலகளாவிய இலக்குகளில் ஒன்றின் பகுதியாக வைத்திருக்கிறது. நடைமுறையில் ஜெனரேட்டர் மேடையில் இருக்கும், மின்மாற்றுப் பலகையும் எரிபொருள் பம்பும் தரைமட்டத்தில் இருக்கும். முழங்கால் அளவு நீரில் மூன்றும் பயனற்றுப் போகின்றன. இதுவரை வந்த உயர்ந்த வெள்ளக் குறியைச் சுவரில் வரைந்து, மூன்றும் அதற்கு மேலே இருக்கின்றனவா என்று ஒரே ஆய்வில் பார்க்கக் கோருகிறோம். தண்ணீரின் குறைந்தபட்சக் கணக்கு வெளிநோயாளிக்கு 5 லிட்டர், உள்நோயாளிக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர். 20 படுக்கைகளுக்கு மூன்று நாள் இருப்பு என்றால், உள்நோயாளிகளுக்கு மட்டுமே 3,600 லிட்டர். கழிவுக் குழாயில் பின்னோட்டத் தடுப்பு வால்வு இல்லாவிட்டால், தெருச் சாக்கடை பிரசவ அறைக் கழிப்பறை வழியாகவே உள்ளே ஏறும்.

தடுப்பூசி +2 முதல் +8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மின்சாரம் போனதும் வெப்பத்துக்குப் பயந்து, உறைபெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டிப் பொதியை நேராகப் பெட்டியில் அடுக்குகிறார்கள். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் சார்ந்த தடுப்பூசி, ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஆகியவை உறைந்தால் வீணாகிவிடும், பார்வைக்குத் தெரியாது. பொதியை வெளியே வைத்து, மேற்பரப்பு வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்து அடுக்க வேண்டும். ஐயம் இருந்தால் அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி வைக்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் அடியில் படிந்தால் அந்தத் தொகுதியைப் போடக் கூடாது. 30 நாள் வெப்பப் பதிவுக் கருவி ஒவ்வொரு நிலையத்துக்கும் வேண்டும். மின்சாரம் நம்பமுடியாத இடங்களுக்கு, பேட்டரி இல்லாமல் நேரடியாகச் சூரியஒளியில் இயங்கும் குளிர்பதனப் பெட்டி தேவை.

வயிற்றுப்போக்கு மருந்து இருப்பில் உப்பு–சர்க்கரைப் பொடியோடு துத்தநாக மாத்திரையும் (நாளுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் கீழ் 10, 10 முதல் 14 நாள்) சேர வேண்டும். பொடியைக் குறைந்த நீரில் கரைத்தால் குழந்தைக்கு உப்பு மிகுந்துவிடும். நிவாரண முகாமில் பொட்டலத்தோடு ஒரு லிட்டர் குறியிட்ட குவளையும் கொடுக்க வேண்டும். காலரா சந்தேகமென்றால் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கும் முன்பே மலமாதிரியை, கிருமியை உயிரோடு வைத்திருக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் எடுத்து, குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் அனுப்ப வேண்டும்.

எங்கள் மனுவின் மையம் பதிவேடுதான். இன்று நோயாளி முகவரி வார்டு வாரியாகப் பதிவாகிறது, குடிநீரோ வால்வு வாரியாகப் போகிறது. ஒரே வால்வில் நீர் குடிக்கும் மூன்று வார்டுகளில் தலா இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் எந்த வார்டிலும் எச்சரிக்கை எழாது. வால்வு மண்டலத்தில் பார்த்தால் ஆறு பேர். புறநோயாளிச் சீட்டில் வால்வு மண்டல எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்தால், முன்னெச்சரிக்கையை வலியுறுத்தும் குறிக்கோள் 3.ஈ-க்கும் (3.d), பிரித்தறியக்கூடிய தரவைக் கேட்கும் 17.18-க்கும் அது நேரடிப் பணி. பக்கத்தின் இடப்புறம் கடைக்கோடிக் குளோரின், கலங்கல். வலப்புறம் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் எண்ணிக்கை. சாதாரண நாளில் வாரம் ஒருமுறை, வெள்ளத்தில் தினமும்.

ஒரு குழாயில் 0.2க்குக் கீழே வந்தால், அன்றே அந்த மண்டலத்தில் கசிவு தேட உத்தரவு இருக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தில் மருந்தை ஏற்றுவது மட்டும் தீர்வாகாது. அருகிலுள்ள வீடுகளில் நாற்றம் தாங்காமல் மக்கள் வேறு தண்ணீரைத் தேடிப் போவார்கள். நீண்ட குழாய்களில் நடுவழியில் குளோரின் சேர்க்கும் அமைப்பே சரி.

இறுதியாக ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். பூஜ்யம் என்று உண்மையாக எழுதிய பரிசோதகருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போகக் கூடாது. போனால் அடுத்த வாரம் எல்லா மண்டலத்திலும் 0.2 என்றே வரும், அந்தப் பதிவேட்டை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. பூஜ்யத்தைக் கண்டுபிடிப்பதைப் பணியாகவும், 24 மணி நேரத்தில் சரிசெய்யாததைத் தவறாகவும் வரையறுக்கும் ஒரு சுற்றறிக்கையை அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே வெளியிட்டு, டிபிடி மாத்திரை, வெப்பப் பதிவுக் கருவி, பின்னோட்டத் தடுப்பு வால்வு ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இணைப்பு: வால்வு மண்டலப் பதிவேட்டின் மாதிரிப் பக்கம்