காணாக்கடிக்கு நிதி கேட்டு ஒரு மடல்

அமெரிக்க நாடாளுமன்ற நிதி ஒதுக்கீட்டுக் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உண்ணி கடித்த பிறகு ஆடு, மாடு, பன்றி போன்ற பாலூட்டிகளின் இறைச்சி உடம்புக்கு ஆகாமல் போகும் ஆல்ஃபா-கால் ஒவ்வாமை பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 ஜூலையில் வெளியிட்ட இரண்டு அறிக்கைகளும் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். நாட்டில் 4,50,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது ஒன்று. 1,500 மருத்துவப் பணியாளர்களிடம் விசாரித்ததில் 42 சதவீதம் பேர் இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை என்றது மற்றொன்று. கேள்விப்படாதவர்கள் கையில்தான் என் கணவர் பதினான்கு மாதம் இருந்தார்.

நாங்கள் வட கரோலினாவில், ராலேவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் மரங்கள். சாயங்காலமானால் மான்கள் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், ஒன்றரை மணிக்கு உள்ளங்கை அரிக்கிறது என்று எழுந்தார். சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. உதடு வீங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தார். ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "கடைசி ஒரு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டார்?" ஒன்றுமில்லை, தூங்கிக்கொண்டிருந்தார் என்றேன். அதோடு சாப்பாட்டைப் பற்றிய விசாரணை முடிந்தது. சோப்பை மாற்றச் சொன்னார்கள். அடுத்த முறை மன அழுத்தம் என்றார்கள். அதற்கடுத்த முறை இரைப்பைப் புண்ணாக இருக்கலாம் என்றார்கள். பதினான்கு மாதத்தில் நான்கு இரவுகள் இப்படிப் போயின. நான்கு முறையும் அதே கேள்வி, அதே பதில். இந்த ஒவ்வாமை இறைச்சி சாப்பிட்டு இரண்டு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. குழம்பு வைத்த எனக்கும் தெரியவில்லை. அவருக்கு ஆகாததை நானே ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டுவிட்டு, "காணாக்கடியா இருக்கும்டி" என்றார். எது கடித்ததென்று தெரியாமல் உடம்பு தடித்தால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொன்னார். வைத்தியம் பலிக்கவில்லை, பெயர் பலித்துவிட்டது. ஐந்தாவதாகப் பார்த்த ஒவ்வாமை மருத்துவர்தான் முதல் கேள்வியாக, "உண்ணி கடித்ததுண்டா?" என்று கேட்டார். போன வருஷம் கத்தரிச் செடிக்குக் களை எடுத்தபோது கணுக்காலில் பத்துப் பன்னிரண்டு கடிகள் இருந்ததும், கொசு என்று சொறிந்துவிட்டு மறந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. இந்த ஒவ்வாமையைக் கொண்டுவரும் லோன் ஸ்டார் உண்ணியின் குஞ்சுகள் கசகசா அளவுகூட இருக்காது என்றார் அவர். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்துவிட்டது. அந்தப் பரிசோதனை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. செய்யச் சொல்லத்தான் ஆள் இல்லை.

எனவே என் கோரிக்கை இதுதான்: ஆல்ஃபா-கால் விழிப்புணர்வுக்கென்று தனியாக நிதி ஒதுக்குங்கள். முதலில் மருத்துவர்களுக்கு, பிறகு மக்களுக்கு.

உண்ணி நோய்களுக்காக நீங்களே ஒரு சட்டம் நிறைவேற்றினீர்கள். எங்கள் மாநிலத்தின் முன்னாள் செனட்டர் கே ஹேகன், உண்ணி பரப்பும் போவாசான் வைரஸால் மூளை பாதிக்கப்பட்டு 2019 அக்டோபரில் இறந்தார். அந்த டிசம்பரிலேயே அவர் பெயரில் சட்டம் வந்தது. சட்டம் அனுமதிதான் தரும். ஆண்டுதோறும் பணத்தை எடுத்து வைக்க வேண்டியது உங்கள் குழுக்கள் அல்லவா?

2025 நவம்பரில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு மரணத்தைப் பற்றிப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. நியூ ஜெர்சியைச் சேர்ந்த 47 வயதுக்காரர். மதியம் பர்கர் சாப்பிட்டார், அன்றிரவே இறந்தார். இரண்டு வாரம் முன்பு மாட்டிறைச்சி சாப்பிட்ட இரவிலும் வயிற்று வலியில் துடித்திருக்கிறார். விடிந்ததும் சரியாகிவிட்டதால் விட்டுவிட்டார்கள். பிரேதப் பரிசோதனையில்கூடக் காரணம் புலப்படவில்லை. அவர் மனைவி விடாமல் கேட்டதால்தான் ரத்தம் மறுபடி பரிசோதிக்கப்பட்டது. அந்த இரண்டு வாரத்தில் யாராவது ஒருவர் உண்ணி பற்றிக் கேட்டிருந்தால் அவர் இன்று உயிரோடு இருந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

மருந்துக் கடைக்குப் போனாலும் இதே கதைதான். கேப்ஸ்யூலின் உறை மாட்டு ஜெலட்டினா, பன்றி ஜெலட்டினா, தாவரப் பொருளா என்று அட்டையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிவதில்லை. ஒருமுறை கணவருக்குக் கடும் இருமல். மருந்தாளுநர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். எள்ளை ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்க 2021-இல் சட்டம் போட முடிந்த நாட்டில், பாலூட்டிப் பொருள் கலந்திருக்கிறது என்று ஒரு வரி அச்சடிக்க ஏன் முடியவில்லை? உயிரோடு விளையாட வேண்டிய விஷயமா இது? கோபத்தில் கேட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அது வேறு குழுவின் வேலை என்று தெரியும்.

இதன் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ராலே, கேரி, வர்ஜீனியா பக்கமெல்லாம் நம் ஜனங்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள் காலையில் புல்வெளி ஓரமாகத்தான் நடக்கிறார்கள். மாட்டிலிருந்தும் நாயிலிருந்தும் உண்ணி பிடுங்கிப் போட்டு வளர்ந்தவர்கள், அதைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள். சைவக் குடும்பங்களோ இது தங்களுக்கில்லை என்று இருந்துவிடும். நோய் முற்றினால் சிலருக்கு பாலும் நெய்யும்கூட ஆகாது. விழிப்புணர்வுத் தாள்கள் தமிழிலும் மற்ற மொழிகளிலும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுபடியும் பணிவோடு கேட்கிறேன், தனி நிதி ஒதுக்குங்கள். அந்தப் பணத்தில் முதல் வேலையாக, ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவின் விசாரணைப் படிவத்திலும் இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் செய்யுங்கள்: கடைசி ஆறு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள்? சமீபத்தில் உண்ணி கடித்ததா?

இப்படிக்கு,
வட கரோலினாவிலிருந்து ஒரு மனைவி